படலையடியில் ஒரு கண்ணாடி இழை

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை போகும் ஏ-15 வீதியில் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வந்தால் சித்தாண்டி. ஊருக்கு மேற்கே சந்தனமடு ஆறு, அதைத் தாண்டினால் வயல்வெளி. ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லோர் கண்ணும் ஆற்றின் மீதுதான். இப்படிப்பட்ட ஊரில் ஒளியிழைக் கேபிள் ஒரு வீட்டுக்கு வந்துசேர இரண்டு வழிகள்தான் உண்டு. மண்ணுக்கு அடியால் வரலாம், அல்லது தலைக்கு மேலால் வரலாம். அடியால் வந்தால் வெள்ளத்தோடு சீவிக்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று 2011 ஜனவரியில் பார்த்தோம். மேலால் வந்தால் காற்றோடு சீவிக்க வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதிப் புயலில் கூரையும் தென்னையும் கம்பமும் சேர்ந்து சரிந்ததை வயதானவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

கேபிள் போடுகிறவர்கள் ஓர் ஒழுங்கையில் நிற்பது ஓரிரு நாள். கிடங்கை மூடிவிட்டால் உள்ளே எப்படிப் போட்டார்கள் என்று பார்க்க வழியில்லை. ஆனால் அந்தக் கேபிள் இருபது முப்பது வருடம் அங்கேயே கிடக்க வேண்டியது. ஒரு வீட்டுக்காரர் அறிய வேண்டியதில் பெரும்பகுதி அந்த மூடாத கிடங்குக்குள்ளேயே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எத்தனை எம்பி வேகம், மாதம் எவ்வளவு என்பதை விளம்பரம் சொல்லிவிடும். மண்வேலையை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள, முதலில் அந்தக் கறுப்புக் கேபிளுக்குள் இருக்கும் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேபிளின் உறையை உரித்து, உள்ளே இருக்கும் நார்களையும் விலக்கினால் கடைசியில் மிஞ்சுவது தலைமயிரைவிடச் சற்றே தடித்த ஒரு கண்ணாடி இழை. அதன் விட்டம் 125 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு. அந்த முழுத் தடிப்பிலும் ஒளி ஓடுவதில்லை. நடுவே 9 மைக்ரோமீற்றர் அளவில் ஓர் உள்ளகம் இருக்கிறது, ஒளி ஓடுவது பெரும்பாலும் அதற்குள்தான். உள்ளகத்தின் கண்ணாடிக்கும் அதைச் சூழ்ந்த கண்ணாடிக்கும் ஒளிமுறிவுச் சுட்டியில் இருக்கும் வித்தியாசம் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. அந்தச் சின்ன வித்தியாசமே ஒளிக்குச் சுவர். சுவரை மிகச் சாய்வாக, ஏறக்குறைய 5 பாகைக்குள் தொட்டால் ஒளி முழுதாகத் தெறித்து உள்ளே திரும்பும். அதைவிட நிமிர்ந்து மோதினால் வெளியே கசிந்துவிடும். இவ்வளவு மெல்லிய உள்ளகத்தில் ஒளியை அலையாக வைத்துக் கணக்கிடுவதே முறை என்றாலும், கிடங்கடியில் நிற்கும் நமக்கு இந்தச் சாய்வுக் கணக்கே போதும். கேபிளை இறுக்கி மடித்தால் ஒளி மோதும் கோணம் மாறுகிறது. மாறியதும் கசிகிறது.

கண்ணாடி வழியாக ஒளியைத் தூரம் கொண்டுபோகலாம் என்பதை உலகம் இலகுவில் நம்பவில்லை. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸோடு சேர்ந்து இழைக் கற்றைகளின் வழியாகப் படம் கடத்திக் காட்டியது 1954இல். ஆனால் அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீற்றருக்குள்ளேயே மங்கிப்போகும். ஷங்காயில் பிறந்து இங்கிலாந்தின் ஹார்லோவில் வேலை செய்த சார்ள்ஸ் காவோ, ஜோர்ஜ் ஹொக்காமோடு 1966இல் எழுதிய கட்டுரையில், குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் அழுக்கில்தான் என்றார். ஒரு கிலோமீற்றர் போனபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால்கூடத் தொலைத்தொடர்புக்குப் போதும் என்பது அவர் கணக்கு. 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் ஆய்வுகூடம் அந்த எல்லையைத் தாண்டியது. காவோவுக்கு நொபெல் பரிசு வந்தது 2009இல். இன்றைய இழையில் 15 கிலோமீற்றர் போனபின்னும் பாதி ஒளி மிஞ்சி நிற்கிறது. மாத்தறையிலும் கல்கிசையிலும் கரையேறும் கடலடிக் கேபிள்களிலிருந்து தரைவழியே மட்டக்களப்பு வரைக்கும் தரவு வந்துசேர்வது இந்தச் சுத்தத்தால்தான்.

இவ்வளவு தூரம் பழுதில்லாமல் வந்த ஒளி கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி ஐம்பது மீற்றரில். உங்கள் படலையிலிருந்து வரவேற்பறைச் சுவர் வரைக்கும் உள்ள தூரம் அது.

வெள்ளத்தைப் பற்றி ஒரு தவறான பயம் பலரிடம் இருக்கிறது. கேபிளுக்கு மேல் தண்ணீர் நின்றால் இணையம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். கண்ணாடிக்குள் ஓடுவது மின்சாரம் இல்லை, ஈரத்தால் அது குறுக்குச்சுற்று ஆகாது. கடலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கிடந்து வேலை செய்யும் பொருளுக்கு நம்மூர் வெள்ளம் ஒரு பொருட்டே அல்ல. பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி மழைக்குக் கரகரத்த ஞாபகத்தில் வருகிற பயம் இது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எந்தக் கண்ணாடியின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு. இழுவிசை இல்லாதவரை அவை சும்மா கிடக்கும். இழை நீட்டப்பட்டோ வளைக்கப்பட்டோ இருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், நீர்மூலக்கூறு கீறலின் நுனியில் இருக்கும் சிலிக்கன், ஒட்சிசன் பிணைப்பைத் தாக்கி அறுக்கிறது. கீறல் நாளுக்குநாள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. மாதங்களோ வருடங்களோ கழித்து, யாரும் தொடாத ஒரு நாளில் இழை உடைகிறது. தொழிற்சாலையில் ஒவ்வோர் இழையையும் அதன் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு நீளும்படி ஒரு கணம் இழுத்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு கணம் தாங்குவதும் முப்பது வருடம் தாங்குவதும் ஒன்றல்ல. நீண்ட காலத்துக்கு அந்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு நீட்சியைத் தாண்டவிடக் கூடாது என்பது பொறியியலாளர்களின் நடைமுறைக் கணக்கு. ஈரம் தனியே வந்தால் பாதகமில்லை, இழுவிசை தனியே வந்தாலும் சமாளிக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் கூடுவதுதான் கெடுதி. நம்முடைய ஊரில் ஈரத்தைத் தவிர்க்க முடியாது. ஆகவே தவிர்க்க வேண்டியது இழுவிசையை.

இதை மனதில் வைத்துக்கொண்டு கிடங்கைப் பாருங்கள். மணல் பாங்கான இடமென்றால் கிடங்கின் ஓரம் சரிந்து அடியில் மேடுபள்ளம் ஆகிவிடும். மேட்டில் முட்டிப் பள்ளத்தில் தொங்கும்படி குழாயைப் போட்டு மூடினால், மழைக்கு மண் இறுகும்போது குழாய் அந்த மேட்டின்மேல் வளையும். அடி சமமாக இருக்க வேண்டும். குழாயைச் சுற்றிக் கல்லும் ஓட்டுத்துண்டும் இல்லாத சுத்தமான மண் போட வேண்டும். மூடும்போது ஒரே தடவையில் பெக்கோவால் தள்ளிவிடாமல் படைபடையாகப் போட்டு இடிக்க வேண்டும். இறுக்காமல் மூடிய கிடங்கு முதல் மாரியிலேயே உங்கள் படலைக்கு முன்னால் ஒரு வாய்க்காலாக இறங்கும். வண்டிச் சக்கரம் அதற்குள் விழும்போது அடியில் இருக்கும் குழாயும் நசியும்.

ஆழம் எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். இந்தியாவின் பாரத்நெற் திட்டத்தில் சாதாரண மண்ணில் 1.65 மீற்றர் ஆழத்தில் கேபிள் போட வேண்டும் என்று வகுத்தார்கள். மறுபக்கம், அமெரிக்காவின் லூயிவில் நகரில் கூகிள் ஃபைபர் நிறுவனம் வீதியைக் கீறி இரண்டு அங்குல ஆழத்திலேயே கேபிளைப் புதைத்து மேலே பசை பூசிப் பார்த்தது. பசை கழன்று கேபிள் தெருவில் எழும்பி வந்தது. 2019 பெப்ரவரியில் அந்த நகரைவிட்டே போவதாக அறிவித்து, வீதிகளைத் திருத்த 38 இலட்சம் டொலருக்கு மேல் நகரசபைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அவசரத்துக்கு ஆழம் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நம்மூரில் அலவாங்கும் மண்வெட்டியும் இல்லாத வீடு கிடையாது. வேலிக்கதியால் நட, வாழைக்குக் கிடங்கு வெட்ட, கான் சீர்செய்ய என்று வருடம் முழுதும் வேலியோரம் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். முழங்கால் ஆழத்துக்கு மேலே கிடக்கும் எந்தக் கேபிளும் இந்த ஊரில் நிலைக்காது. ஆழம் குறைக்கவே வேண்டிய இடத்தில், சிறுபாலத்துக்கு மேலோ மதகுக்கு அருகிலோ, இரும்புக் குழாயோ கொங்கிறீற்று மூடியோ போடச் சொல்லலாம். கேபிளுக்கு ஒரு முழம் மேலே எச்சரிக்கை நாடா ஒன்றையும் விரித்துவிட்டால், நாளைக்கு வெட்டுகிறவருக்கு நாடா முதலில் தெரியும்.

2011 மார்ச்சில் ஜோர்ஜியாவில் ஒரு மூதாட்டி பழைய செம்பு தேடி மண்ணைக் கிளறியபோது ஒளியிழைக் கேபிளை வெட்டிவிட்டார் என்று அந்நாட்டுப் பொலிசார் சொன்னார்கள். அண்டை நாடான ஆர்மேனியாவில் பெரும்பகுதி மணிக்கணக்கில் இணையம் இல்லாமல் இருந்தது. கண்ணாடியில் செம்பு கிடையாது, விற்றால் ஒன்றும் தேறாது. இதை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தால் கேபிள்கள் பாதி பிழைத்துக்கொள்ளும். இந்தியாவில் 2023 மார்ச் 22ஆம் திகதி, தோண்டுவதற்கு முன் கேபிள் உரிமையாளரைக் கேட்டறிய ஒரு செயலியையே அரசு வெளியிட்டது.

மறுபுறம், அவர்கள் தோண்டும்போது உங்கள் பொருளும் வெட்டுப்படலாம். வேலை தொடங்கும் முன்பே குழாய்நீர் இணைப்பு எங்கே போகிறது, கிணற்று மோட்டாருக்கு வயர் எங்கே புதைந்திருக்கிறது, மலக்குழி எங்கே, மின்மானிக்கு அருகே அடித்த புவித்தொடுப்புக் கம்பி எங்கே என்று நீங்களே கூட நின்று காட்டுங்கள். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டால் இன்னும் நல்லது. மதில், படலைத் தூண், சீமெந்து வாசல் எல்லாவற்றையும் வேலைக்கு முன் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். வெடிப்பு முன்னரே இருந்ததா பின்னர் வந்ததா என்ற வாதத்தை அந்தப் படங்களே தீர்த்துவைக்கும். வேலியோரத்து மரங்களின் வேரையும் கவனியுங்கள். அடிமரத்தை ஒட்டித் தடித்த வேர்களை வெட்டிவிட்டால், அடுத்த காற்றுக்கு அந்த மரம் உங்கள் கூரைமேலேயே சாயலாம்.

யாரிடம் பேசுவது என்பது வீதியைப் பொறுத்தது. ஏ-15 ஓரத்தில் இருக்கிறீர்கள் என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. மாகாண வீதி என்றால் மாகாண வீதித் திணைக்களம். உள் ஒழுங்கைகள் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபையின் கீழ் வரும். வீதியை வெட்ட அனுமதி கொடுத்தவர் யாரோ, வெட்டியதை மூடச் சொல்லிக் கேட்க வேண்டியதும் அவரையே. வந்தவர்களிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை. வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். எந்த நிறுவனத்துக்காக, மேற்பார்வையாளர் யார், தொலைபேசி இலக்கம் என்ன என்று அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கிழமை அவர்கள் வேறு ஊரில் நிற்பார்கள். உங்கள் வளவுக்குள் கம்பம் நடவோ, உங்கள் காணிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குக் கேபிள் இழுக்கவோ கேட்டால், வாய்ப்பேச்சோடு விடாமல் எங்கே, எந்த உயரத்தில் என்று எழுத்தில் வாங்குங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்வது நல்லது. சேவை நிறுவனத்திடம் சொல்லியும் தீராத முறைப்பாட்டைக் கேட்க, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1996இல் செய்த திருத்தத்தால் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது.

தலைக்கு மேலால் வரும் கேபிளுக்கு வருவோம். செலவு குறைவு, வேகமாகப் போட்டுவிடலாம், அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் டான்ஃபிநெட் திட்டம்கூடப் பெரும்பகுதியை மின்கம்பங்கள் வழியாகவே கொண்டுபோகிறது. இதில் எல்லோரும் செய்யச் சொல்லும் ஒரு பிழை உண்டு. கேபிள் தொங்குகிறது, வடிவில்லை, இன்னும் இறுக்கி இழுங்கள் என்பார்கள். 40 மீற்றர் இடைவெளியில் மீற்றருக்கு 20 கிராம் நிறையுள்ள கேபிள் ஒன்று நடுவில் 40 சென்ரிமீற்றர் தொங்கினால், அதன் இழுவை 10 கிலோகிராம் நிறைக்குச் சமம். தொங்கலைப் பாதியாக்கி 20 சென்ரிமீற்றருக்கு இறுக்கினால் இழுவை 20 கிலோவாகிறது. 10 சென்ரிமீற்றர் என்றால் 40. தொங்கல் குறையக் குறைய இழுவை ஏறிக்கொண்டே போகும், கச்சான் காற்றின் தள்ளலும் விழும் தென்னோலையின் பாரமும் அதற்கு மேலே சேரும். கொஞ்சம் தொங்கும் கேபிளே ஆரோக்கியமான கேபிள்.

அதற்காகத் தாழத் தொங்கவும் விடக் கூடாது. அறுவடைக் காலத்தில் வைக்கோல் அடுக்கிய உழவு இயந்திரம் எந்த ஒழுங்கையால் போகும், சித்திர வேலாயுத சுவாமி கோயில் திருவிழாவில் சுவாமி எந்த வீதியால் வரும் என்பது வெளியூர் ஒப்பந்தக்காரருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கம்பம் நடும் முன்பே அதைச் சொல்லிவிட்டால், பிறகு தடி கொண்டு கேபிளைத் தூக்கிப் பிடிக்கும் வேலை மிச்சம்.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது என்பது உண்மை, ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள்கள் பலவற்றில் பாரத்தைத் தாங்க ஓர் எஃகுக் கம்பி ஒட்டியிருக்கும். அது மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். மின்கம்பியில் இது உரசினால், உங்கள் சுவரில் மாட்டிய கொளுக்கி வரைக்கும் மின் வரலாம். 230 வோல்ற்று வீட்டு லைனுக்குக் கிட்டவே இழுக்க விடாதீர்கள், மேலே 33,000 வோல்ற்று லைன் போகும் இடமென்றால் பேச்சே இல்லை. காற்றுக்குப் பிறகு விழுந்து கிடக்கும் எந்தக் கேபிளையும், இது பைபர்தானே என்று கையால் எடுத்துச் சுருட்டாதீர்கள். மின்கம்பியோடு பின்னிக் கிடந்தால் இரண்டும் ஒன்றுதான். துணி காயப்போடும் கொடியை அந்தக் கொளுக்கியில் கட்டுவதும் கூடாது.

வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன விஷயம். சுவரில் துளை வெளிப்பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். கேபிள் துளைக்குள் போகும் முன் ஒரு சாண் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். மழைநீர் கேபிள் வழியே வழிந்து அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. துளையைச் சிலிக்கோன் பசையால் அடைத்தால் எறும்பும் வராது. உள்ளே மேசைக்காலோடு இறுக்கிக் கட்டுவதும், ஜன்னல் கதவிடுக்கில் நசிய விடுவதும், மிச்சக் கேபிளைச் சின்ன வளையமாகச் சுற்றுவதும் வேண்டாம். வீட்டுக்கென்றே செய்த புதிய வகை இழைகள் ஒரு சென்ரிமீற்றர் ஆரை வரை வளைவைத் தாங்கும், பழைய வகைக்கு மூன்று சென்ரிமீற்றர் வேண்டும். எது உங்கள் வீட்டுக்கு வந்தது என்று தெரியாதபோது ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டின் அளவுக்குச் சுற்றி வைத்தால் இரண்டுக்கும் சரி.

இழையை இணைக்க வருகிறவர் அதன் நுனியை வெட்டும்போது கண்ணாடித் துணுக்குகள் விழும். மயிரளவுத் துண்டு தோலுக்குள் ஏறினால் கண்ணால் பார்த்து எடுக்க முடியாது. தவழும் பிள்ளைகள் உள்ள வீட்டில், அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு பழைய பத்திரிகையை விரித்து, துணுக்குகளை ஒட்டும் நாடாவில் எடுத்து மூடிய போத்தலில் போடச் சொல்லுங்கள். இழையின் நுனியைக் கண்ணருகே பிடித்து ஒளி வருகிறதா என்று பார்க்கவும் கூடாது. அதில் வருவது 1490 நனோமீற்றர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி, வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று ஒரு மானி இருக்கிறது.

அந்த மானியில் வரும் எண்ணைக் கேட்டு எழுதி வைப்பது, அன்றைக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையின் ஒளி வழியில் ஒரு பெட்டியில் 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பங்கிடப்படுகிறது. ஆகவே உங்கள் வீட்டை அடைவது மிகச் சிறிய பங்கு. மானி அதை மைனஸ் எண்ணில் காட்டும். மைனஸ் 20ஐ ஒட்டி நின்றால் நல்லது, மைனஸ் 27க்கு வந்துவிட்டால் ஒளியை வாங்கும் வீட்டுக் கருவி திணறத் தொடங்கும். மூன்று எண் குறைந்தால் பாதி ஒளி போய்விட்டது என்று அர்த்தம். இணைத்த அன்று மைனஸ் 19, அடுத்த தை மாதம் மைனஸ் 25 என்றால், வழியில் எங்கோ கேபிள் வளைந்திருக்கிறது அல்லது மூட்டொன்று கெட்டிருக்கிறது. இணையம் மெதுவாக இருக்கிறது என்று முறையிடுவதைவிட இந்த இரண்டு எண்களையும் சொல்லி முறையிட்டால், வருகிறவர் ரவுட்டரை மாற்றிவிட்டுப் போக மாட்டார், கேபிளைத் தேடிப் போவார். கருவியில் எல்.ஓ.எஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை, கேபிள் அறுந்திருக்கலாம்.

பழைய செப்புத் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் அது மணியடித்தது. ஒளியிழைத் தொலைபேசி அப்படியல்ல. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள பங்கீட்டுப் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கருவிக்குத் தேவை. மின்வெட்டு வந்தவுடன் கேபிள் பழுதில்லாமல் இருக்க, கருவி அணைந்துபோகும். இந்தக் கருவிகள் எடுப்பது ஏறக்குறைய 10 வாற்று. 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 84 வாற்று-மணி. வீணாவதைக் கழித்தாலும் ஐந்தாறு மணித்தியாலம் ஓடும். கருவியின் மின்னிணைப்பியில் எத்தனை வோல்ற்று என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் சிறிய பற்றரிப் பெட்டியை ஐப்பசிக்கு முன்பே வாங்கி, வெள்ளம் எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். ரவுட்டரையும் தரையோரத்துப் பிளக்கிலிருந்து எடுத்து அதே உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.